நீ எந்தப் படியிலடா நிக்கிற?

வா பேராண்டி, உக்காரு. ரங்கத் ஊருக்குப் போற போட்டு கிளம்ப இன்னும் நேரம் கிடக்கு. நேத்து ராத்திரி உன் அப்பன்கிட்ட "எனக்கு ஐடென்டிட்டி கிரைசிஸ்"னு சொன்னியாமே? அவன் ஏதோ வயித்துக் கோளாறுன்னு நெனச்சு ஓம வாட்டர் வாங்க ஓடிட்டான்.

அந்தச் சீக்குக்குப் பேரு வெச்சவரு எரிக் எரிக்சன்னு நீதான் சொன்ன. மனுசன் 1950-ல ஒரு புத்தகம் போட்டு நம்ம ஆயுசை எட்டுப் படியாப் பிரிச்சாராம். படிக்கு ஒரு சண்டை. பால் குடிக்கையில இந்த உலகத்தை நம்பலாமா வேண்டாமா. மீசை அரும்புறப்ப நான் யாரு. அப்புறம் யாரோட சேர்றது. கடைசியில, வாழ்ந்தது போதும்னு நிறைவா, இல்ல வயித்தெரிச்சலா. நம்ம புலவனுங்களும் பிரிச்சாங்க. பிள்ளைத்தமிழ்ல பத்துப் பருவமும் கைக்குழந்தைக்கே சரியாப் போச்சு. உலாவுல பொம்பளைக்கு ஏழு. பேதையில தொடங்கி நாப்பது வயசுப் பேரிளம்பெண்ணோட கடையைச் சாத்திட்டாங்க. அதுக்கு மேல உன் அப்பத்தா மாதிரி ஒரு ஜீவன் இருந்து வீட்டையே ஆட்டி வெக்கும்னு ஒரு புலவனுக்கும் தோணல.

எரிக்சன் கதைக்கு வருவோம். 1902-ல பிராங்க்ஃபர்ட்டுல பொறந்தவரு. பெத்த அப்பன் யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாது. காலேஜ்ல பட்டம் வாங்கல. படம் வரைஞ்சுக்கிட்டு ஊரூராச் சுத்தினாரு. 1939-ல அமெரிக்கக் குடியுரிமை வாங்குறப்ப குடும்பப் பேரையும் தானே வெச்சுக்கிட்டாரு. அப்புறம் பட்டமே இல்லாம ஹார்வர்டுல பேராசிரியர்! ஆக, இருபத்தேழு வயசாகியும் செட்டில் ஆகலன்னு நீ வெக்கப்படவே வேண்டாம். தாராளமாச் சுத்து. ஒண்ணே ஒண்ணு, அவரு அப்பன் காசுல ரீசார்ஜ் போட்டுக்கிட்டே சுத்தினதா எங்கயும் எழுதல.

காந்தியும் உன் கட்சிதான். லண்டன்ல பாரிஸ்டர் படிச்சுட்டு வந்து பம்பாய்க் கோர்ட்டுல வாய் வராம உக்காந்துட்டாரு. எரிக்சன் 1962-ல அகமதாபாத் வந்து இந்த வயசுப் படிகளைப் பத்திப் பாடம் நடத்தினப்பதான் காந்தி மேல ஆர்வம் கூடி, 1969-ல அவரைப் பத்தி ஒரு புத்தகமே போட்டாரு. நீ வாய் வராம உக்காந்திருக்கிறதைப் பாத்து எவனாவது புத்தகம் எழுதுவான்னு காத்திருக்காதே, அவ்வளவுதான்.

எனக்குப் பிடிச்சது ஏழாவது படி. நடு வயசுல அடுத்தவனை வளத்து விடுறியா, குட்டை மாதிரி தேங்கிப் போறியா, அதான் சண்டை. நான் சென்னையில கப்பலேறி, மூணு நாள் பங்க்ல வாந்தியெடுத்து இந்த அந்தமான் கரைக்கு வந்து, ஒரு பட்டறையில எடுபிடியாச் சேந்தேன். அங்க ஒரு மூத்த ஃபிட்டர். போட்டோட ஷாஃப்டுல தண்ணி ஏறாமக் கயிறு சுத்துற க்ளாண்ட் பேக்கிங் போடுறப்ப நான் எட்டிப் பாத்தா முதுகைத் திருப்பிக்குவான். கயித்தைச் சாய்வா வெட்டுறானா நேரா வெட்டுறானா, ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் அவன் லீவு. நானே நட்டை மரண இறுக்கா இறுக்கிட்டேன். ஷாஃப்ட் சூடாகிப் புகை கக்கிருச்சு. வெல்டிங் போடுற ஒரு வங்காளித் தாத்தா வந்து நட்டைக் கொஞ்சம் தளத்தி, சொட்டுச் சொட்டாத் தண்ணி விழுறதைக் காட்டி, "இது ஒழுகணும் பேட்டா, அப்பதான் ஷாஃப்ட் குளுந்திருக்கும்"னாரு. அம்புட்டுதான் ரகசியம்! அதைப் போயி அந்த ஃபிட்டர் தங்கக் காசாட்டம் பொத்தி வெச்சிருந்தான். அவன் ரிட்டையராகிப் போறப்ப மாலை போட்டோம். முகத்தைப் பாத்து ஒருத்தனும் அழல.

அவனைத் திட்டுறேன்னு சிரிக்காதே. போன்ல பணம் அனுப்ப உன் அப்பன் கத்துக்குடுன்னு கேட்டப்ப, "குடுங்க, நானே அனுப்பிடுறேன்"னு முதுகைத் திருப்பிக்கிட்டது யாரு? இருபத்தேழுலயே மூத்த ஃபிட்டர் ஆயிட்டடா நீ. எரிக்சனே அசந்து போவாரு.

எட்டோட முடிஞ்சுச்சுன்னு நெனச்சா அதுவும் இல்ல. அவரு 1994-ல கண்ணை மூடினாரு. 1997-ல அவரு சம்சாரம் ஜோன் ஒம்பதாவதா ஒரு படி சேத்துட்டாங்க. எம்பது தொண்ணூறுல பழைய சண்டையெல்லாம் ஒண்ணொண்ணாத் திரும்ப வருமாம். நெசந்தான். பால்குடி வயசுல எனக்கு ஆத்தா மேல சந்தேகம். இப்ப முட்டி மேல சந்தேகம்.

அந்தா, போட்டுல ஆள் ஏத்துறான். தீவுக்காரன்னு காட்டுற உன் கார்டை எடு, மறந்துட்டு வந்து டூரிஸ்ட் காசு குடுக்காதே. பலகை ஆடும், என் கையைப் பிடி. பிடின்னுதான் சொன்னேன், இழுக்காதே. நான் என்ன தேங்காய் மூட்டையா? ரங்கத்துல உன் அத்தை ஒரு பொண்ணு போட்டோ வெச்சிருக்கா. உன் கிரைசிஸை அவகிட்டயும் ஒரு தடவை விளக்கிச் சொல்லு.