நிவாரண மாஸ்டர்

கண்டியில் 'நிவாரணம்' என்று சொல்லிப் பாருங்கள். அரிசி, பருப்பு, டின்மீன் எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்பார்கள். மண் சரிந்தால் கிடைக்கும் அந்த நிவாரணம்தான் நமக்குத் தெரியும். உள்நாட்டு இறைவரிச் சட்டத்திலும் வரிச்சலுகைக்கு அதே சொல் இருக்கிறது. அதற்காகவே மூச்சு விடுகிற ஆள் ஊருக்கு ஒருவராவது உண்டு. எங்கள் கட்டுக்கலைப் பக்கத்து ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் நிவாரண மாஸ்டர்.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். காலையில் செல்வ விநாயகரைக் கும்பிடுவார், வாவியை ஒரு சுற்றுச் சுற்றுவார், பிறகு யாராவது ஒருவரின் வாசலில் நிற்பார். "என்ன தம்பி, சம்பளத்துல எவ்வளவு வெட்டுறாங்க?" சுகம் விசாரிப்பதே அப்படித்தான். ஜனவரி பிறந்தால் சோலைவரி வரிசையில் முதல் ஆள். வருஷத்துக்கும் சேர்த்து 31ஆம் திகதிக்குள் கட்டினால் பத்து வீதம் கழிவு. அந்தப் பத்து வீதத்தை அவர் சொல்லும்போது குரலில் ஒரு பேரன் பிறந்த குழைவு இருக்கும்.

மாஸ்டரின் சொத்து ஒரு பழைய பிஸ்கட் டின். உள்ளே பில்கள். மருந்து பில், காப்புறுதி பில், பேத்தியின் வகுப்புக் கட்டணம், எல்லாம் வருஷவாரியாக ரப்பர் பட்டி போட்டு. "என்னங்க, இதுல முறுக்கு வச்சிருந்தாலாவது யாராவது தின்னுருப்பாங்க," என்பார் அவர் மனைவி டீச்சரம்மா.

அந்த டின்னுக்குள் ஒரு சோகக்கதை இருக்கிறது. 2020 ஜனவரியில் வரியில்லா வருமானத்தின் எல்லை வருஷத்துக்கு 30 லட்சம் ஆனது. அதற்கு மேல் மருத்துவம், படிப்பு, காப்புறுதி, வீட்டுக்கடன் வட்டி என்று செலவு காட்டினால் இன்னும் 12 லட்சம் வரை கழிக்கலாம். மாஸ்டர் பில் சேர்க்க ஆரம்பித்தது அப்போதுதான். ஆனால் கழிக்க வரி வேண்டுமே! அரசாங்கப் பென்ஷனுக்கு வரி கிடையாது. டியூஷன் காசையும் வட்டியையும் கூட்டினால் 13 லட்சத்தைத் தாண்டாது. சீப்பு இருக்கிறது, தலையில்தான் மயிர் இல்லை.

2023 ஜனவரியில் எல்லை 12 லட்சமாக இறங்கியது. நாடே புலம்பியது, மாஸ்டர் மட்டும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "நானும் வரி கட்டுற ஆள்!" டின்னைத் திறந்தார். செலவு நிவாரணத்தை அதே நாளோடு நிறுத்திவிட்டார்கள் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு நாள் வாவிப் பக்கம் ஆளைக் காணவில்லை. 2025 ஏப்ரலில் எல்லை 18 லட்சமாக ஏறி, மாஸ்டரை மறுபடி வெளியே தள்ளியது.

"1848ல வெள்ளைக்காரன் நாய்க்கும் வரி, துவக்குக்கும் வரி போட்டான். மாத்தளையில சனம் கிளம்பிருச்சு. புரன் அப்புவை இங்க போகம்பரையிலதான் சுட்டான். எனக்கு வரியும் இல்ல, கலகம் பண்ண ஒரு காரணமும் இல்ல," என்றார் அன்று.

தனக்குக் கிடைக்காததை இப்போது ஊருக்குத் தேடிக் கொடுக்கிறார். மஹியாவை ஆச்சி ஒருவருக்கு 20 லட்சம் வைப்பு. எட்டு வீத வட்டி என்றால் வருஷத்துக்கு 160,000. வட்டியில் பிடிக்கும் வரி 2025 ஏப்ரலில் ஐந்திலிருந்து பத்து வீதமாகிவிட்டதால் 16,000 போகிறது. மொத்த வருமானம் 18 லட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கிக்கு ஒரு சுயபிரகடனம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். "பிரகடனமா? யாரோட சண்டை?" என்று ஆச்சி பயந்தார். மாஸ்டர் கூடவே போய், கவுண்டர் பிள்ளைக்கும் பாடம் நடத்தி, கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். வருஷா வருஷம் இதைப் புதுப்பிக்க வேண்டும் என்பதை ஆச்சியைவிட அதிகமாக அவர்தான் ரசிக்கிறார்.

பேராதனையில் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரருக்கு, வாடகையில் கால்வாசியைப் பராமரிப்புக்கென்று பில்லே இல்லாமல் கழிக்கலாம் என்று சொன்னதும் அவர்தான். சொல்லும்போது முகம் கொஞ்சம் சுருங்கியது. பில் கேட்காத நிவாரணத்தில் அவருக்கு அவ்வளவு மரியாதை இல்லை.

பெரிய வெற்றி எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் விரிவுரையாளர். மாதம் இரண்டரை லட்சம் சம்பளம். வருஷத்துக்கு 96,000 வரி. வீட்டுக்கூரையில் சூரியத் தகடு போட்டு மின்கட்டமைப்போடு இணைத்திருந்தார். அந்தச் செலவில் வருஷத்துக்கு ஆறு லட்சம் வரை கழிக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. மாஸ்டர் மதிலுக்கு மேலே எட்டி, கூரையைப் பார்த்து, மனக்கணக்கிலேயே 60,000 மிச்சம் என்றார். நவம்பர் 30க்குள் வரி விவரத்திரட்டு போய்ச் சேர்ந்தது.

நன்றி சொல்ல விரிவுரையாளர் ஒரு கூடை ரம்புட்டானோடு வந்தார். மாஸ்டர் கூடையை டீச்சரம்மாவிடம் தள்ளிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"சேர், அந்த சோலார் பில்... அசல் உங்ககிட்டயே இருக்கட்டும். ஒரு போட்டோக் கொப்பி மட்டும் தருவீங்களா?"

கேட்டுக்கொண்டே டின்னின் மூடியைத் திறந்தார்.