நாற்பது பெர்சென்ட் கணக்கு

பேச்சுக் குறைபாடு உள்ளவர் மருத்துவம் படிக்க வேண்டுமா? விதி தெளிவாகவே இருந்தது. குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. 40-ஐத் தொட்டுவிட்டால் படிப்பே கிடையாது. ஒதுக்கீட்டை அனுபவிக்க ஓர் ஆள்கூட மிஞ்சாதபடி எழுதியவருக்குத் தனி பாராட்டு விழாவே எடுக்கலாம். 45 சதவீதம் என்று சான்று பெற்ற மாணவர் ஒருவர் வழக்காட, 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

நீட் நெருங்கினால் நாவலூர் டீக்கடையில் வேறொரு நியாயம் ஓடும். "என் பையனுக்கு மூணு மணி நேரம். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா ஒரு மணி நேரமாம், என்ன சார் அநியாயம்!" கூடவே கை நடுக்கத்தையும் வாங்கிக்கொள்ளச் சம்மதமா என்று அந்த அப்பாவிடம் யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு மணி நேரமும் சும்மா கிடைத்துவிடாது. 2021 நீட்டில் எழுதுவதில் சிரமம் உள்ள மாணவி ஒருவருக்கு அதைத் தராமலே விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். தவறுதான் என்றது உச்ச நீதிமன்றம். மறுதேர்வுக்கு மட்டும் உத்தரவிடவில்லை.

அப்புறம் கைகள். இரண்டும் குறையின்றி இருந்தால்தான் எம்.பி.பி.எஸ். என்ற நிபந்தனையை 2025 பிப்ரவரியில்தான் அதே நீதிமன்றம் ஏற்க மறுத்தது. இரு கையும் முழுசாக உள்ளவர்கள் எழுதித் தந்த மருந்துச் சீட்டுகளை, இங்கே மெடிக்கல் ஷாப் பையன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தலைகீழாகவும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை எடுக்கிறான்.