விருப்ப ஓய்வும் முழங்காலும்: ஒரு பொருளாதார ஆராய்ச்சி

ஆய்வுப் பொருள்: விருப்ப ஓய்வு பெற்றவர், கைக்கு வந்த தொகையில் ஊர் உலகம் பார்க்காதது ஏன் என்பது.

முன்வரலாறு: 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லில் இருந்து 78,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வீடு திரும்பினர். அனைவரும் ஐம்பது கடந்தவர்கள். பிப்ரவரியில் பயணத் திட்டம் போட்டார்கள். மார்ச்சில் ஊரடங்கு வந்தது, "இப்ப எங்கே போறது?" என்ற சாக்குக்கு அரசாங்க முத்திரையே கிடைத்தது. முத்திரை காலாவதியான பின்னும் சாக்கு வழக்கில் உள்ளது.

கருதுகோள்: நேரம், பணம், முழங்கால் மூன்றும் ஒருங்கே வாய்ப்பது ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையில்தான். என்னை? இளமையில் முழங்கால் உண்டு, பணம் இல்லை. உத்தியோகத்தில் பணம் உண்டு, லீவு இல்லை. எழுபதில் அவ்விரண்டும் உண்டு, முழங்கால் இல்லை.

களஆய்வு: ஒரு வீட்டுக் கூடத்தில் கேட்டது.

"என்னங்க, காசிக்குப் போயிட்டு வந்துடலாமா?"

"டெபாசிட் மெச்சூர் ஆகட்டும்."

ஆயிற்று.

"இப்பப் போலாமா?"

"வட்டியக் குறைக்கப் போறானாம். ரின்யூ பண்ணிட்டேன்."

மறுப்பு: சேமிப்பே பின்னாளில் காக்கும் என்பர் ஒரு சாரார். அஃதொக்கும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் விருப்ப ஓய்வினரை 55 வயதிலேயே சேர்த்துக்கொள்கிறது. 2023-இல் அதன் உச்சவரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியும் வருகிறது. ஆனால் முழங்காலைக் கட்டிவைக்க எந்த அஞ்சலகத்திலும் கவுன்டர் கிடையாது.

சான்று: வெள்ளியங்கிரிக்குப் பிப்ரவரி முதல் மே வரைதான் ஏற விடுவார்கள். பூண்டியில் மூங்கில் தடி வாங்கி, இரவெல்லாம் ஏறி, ஏழாம் மலையின் விடிகாலைக் குளிரில் பல் கிட்டிக்கச் சாமி பார்த்து, இறங்கும்போது கெண்டைக்கால் தந்தியடித்தவர், செலவை மறந்துவிடுகிறார்; கதையை மறப்பதில்லை. கேட்பவர் புது மருமகனானால் எட்டாவது மலை ஒன்றும் சேர்கிறது. அனுபவத்துக்கு வட்டி இவ்வாறு பேச்சில் வருகிறது. அதில் வரிப் பிடித்தம் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ரின்யூ பண்ணியவரோ, பழனி அடிவாரத்தில் 693 படிகளையும் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு, விஞ்ச் வரிசையில் நிற்கிறார்.

முடிவு: வைப்புநிதி ரசீதுக்கு வாரிசு நியமனம் உண்டு, போகாத யாத்திரைக்கு இல்லை. ஆகவே ஐம்பது கடந்த அன்பர்கள், வட்டியில் ஒரு பங்கை எடுத்து இவ்வாண்டே படியேறுக. விஞ்ச் எழுபதிலும் ஓடும்.