சரிங்க சார்!

எங்கள் அலுவலகத்துக்குப் புது மென்பொருள் வந்தது. யார் எந்த வேலையை எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்று அது கணக்கு வைக்குமாம். ஜெர்மனி, ஜப்பான், சென்னை என்று மூன்று கிளைகளும் சேர்ந்த வீடியோ கூட்டத்தில், "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டார்கள். முதலில் தலையாட்டியது சென்னை. அதைக் கடைசியாகப் பயன்படுத்த ஆரம்பித்ததும் சென்னைதான்.

ஜெர்மனிக்காரர் முகத்துக்கு நேரே, "ஊழியர் குழு ஒப்புக்கொண்டதா?" என்று கேட்டுவிட்டார். அங்கே 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஊழியர்கள் தேர்ந்தெடுத்த குழு இருக்கும் நிறுவனத்தில், ஆட்களைக் கண்காணிக்கும் எந்தக் கருவியையும் அந்தக் குழுவைக் கேட்காமல் உள்ளே விட முடியாது. சண்டையெல்லாம் முன்கூட்டியே நடந்துவிடும். கையெழுத்தானபின் ஒருவரும் முணுமுணுப்பதில்லை.

ஜப்பான்காரர் வாயே திறக்கவில்லை. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசி இசைவு வாங்குவது அவர்கள் வழக்கம், நெமவாஷி என்பார்கள். பெரியப்பா வீட்டுக்கு நேரில் போய்க் கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரிதான். ஒருவரை விட்டுவிட்டாலும் தீர்ந்தது கதை.

நாங்கள் பேசுகிற இடம் டீக்கடை. "யாரைக் கேட்டுக் கொண்டுவந்தாங்க?" என்று நான் கர்ஜித்ததில் டீ மாஸ்டரே ஒரு நொடி ஆற்றுவதை நிறுத்தினார். கூட்டத்தில் ஏன் கேட்கவில்லை என்று அவர் கேட்டார். சின்னப்பிள்ளைத்தனமான கேள்வி.

புது மென்பொருளைத் தொடங்க வெள்ளிக்கிழமை பத்தரை மணி குறித்திருந்தார்கள். "ராகுகாலம் சார்" என்றார் அக்கவுன்ட்ஸ்காரர். பகுத்தறிவுவாதியான மேனேஜர் சிரித்துவிட்டு, பத்து இருபதுக்கே தொடங்கினார். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. பிறகு அவரவர் இடத்துக்குப் போய், 'ஒரு சேஃப்டிக்கு' என்று பழைய எக்ஸெல்லைத் திறந்துகொண்டோம்.

கீர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு அறிஞர் பல நாட்டு ஐபிஎம் ஊழியர்களிடம் கருத்துக் கேட்டு 1980இல் புத்தகம் போட்டார். நிச்சயமில்லாத நிலையைக் கண்டு அஞ்சுவதில் ஜப்பானுக்கு 92 மதிப்பெண், இந்தியாவுக்கு 40. அதிகார ஏற்றத்தாழ்வை இயல்பென்று ஏற்பதில் ஜெர்மனிக்கு 35, நமக்கு 77. ஆக, மாற்றத்தைக் கண்டு நமக்குப் பெரிய பயமில்லை, மேனேஜரைக் கண்டுதான்.

எங்கள் மேனேஜர் ஹாஃப்ஸ்டெட்டைப் படித்தாரோ என்னவோ, இப்போதெல்லாம் எந்த மாற்றத்துக்கும் கூட்டம் போடுவதில்லை. முதல் நாளே டீக்கடைக்கு வந்து, ஆளுக்கொரு பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, "உங்க அபிப்பிராயம் என்ன?" என்கிறார். வாய் நிறைய பஜ்ஜியோடு உண்மையைச் சொல்லிவிடுகிறோம். பாதித் திட்டங்கள் அங்கேயே திருந்திவிடுகின்றன.

அந்தச் செலவை 'மாற்ற மேலாண்மை' என்ற தலைப்பில் ஒழுங்காகப் பதிந்தும் வைக்கிறார். எக்ஸெல்லில்தான்.