நல்லாத்தானே ஓடுது!

வண்டி வைத்திருக்கும் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவரும் மந்திரம் ஒன்று உண்டு. ‘நல்லாத்தானே ஓடுது?’ இதைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் மெக்கானிக்காலும் பேச முடியாது, மனைவியாலும் பேச முடியாது. கும்பகோணத்தில் இருந்த என் பெரியப்பா இந்த மந்திரத்தை உருவேற்றிச் சித்தி பெற்றவர். அவருடைய அம்பாசடர் அதற்குச் சாட்சி.

வண்டிக்கு ஆயில் மாற்ற மாட்டார் என்பதால் பெரியப்பா எண்ணெய்க்கே விரோதி என்று நினைத்துவிடக் கூடாது. சனிக்கிழமை தவறாமல் காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை தேய்த்துக்கொண்டு முற்றத்து வெயிலில் மனை போட்டு உட்கார்ந்திருப்பார். “உடம்புச் சூடு தணியணும், மூட்டெல்லாம் இளகணும், உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வரணும்” என்று அதற்கு அவர் சொல்லும் காரணங்கள் ஒவ்வொன்றும் எஞ்சினுக்கு அச்சாகப் பொருந்தும். “மனுஷ உடம்பும் இரும்பும் ஒண்ணாடா?” என்பார். இளக வேண்டிய மூட்டுகளோடு இரும்பு வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும் என்பது பாயின் கட்சி. பாய் என்றால் எங்கள் தெருக்கோடி மெக்கானிக். பெரியப்பா பத்திரப்பதிவு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆவணத்தில் இல்லாததை ஏற்க மாட்டார். வண்டியின் மீட்டர் கேபிளோ எந்தக் காலத்திலோ அறுந்துபோனது. ஆகவே ஐயாயிரம் கிலோமீட்டர் என்றைக்குமே வரவில்லை.

“ஐயா, மீட்டர் ஓடலைன்னா வண்டி ஓடலைன்னு ஆயிடுமா?”

“ரெக்கார்டுல என்ன இருக்கோ அதைத்தான் பாய் பேசணும்.”

இந்த நிலையிலும் வண்டி ஓடியது. கல்யாணத்துக்கு ஓடியது, கருமாதிக்கு ஓடியது, நடுராத்திரி பிரசவத்துக்கு ஓடியது. அது எப்படி ஓடியது என்று பாயின் பட்டறைப் பலகையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் எனக்கு இருக்கும் ஒரே எஞ்சினியரிங் படிப்பு.

1956இல் இங்கிலாந்தில் வெளியான மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் கார்தான் கல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தர்பாராவில் அம்பாசடராக மறுபிறவி எடுத்தது. 2014 மே மாதம் ஆலை நிற்கும்வரை பிறந்துகொண்டே இருந்தது. பெரியப்பாவிடம் இருந்த வண்டியில் 1489 சிசி பி சீரிஸ் பெட்ரோல் எஞ்சின். இதே 1489 சிசி எஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர் வைத்து எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரில் பூட்டி, கூரையைக் கழற்றிவிட்டு வெள்ளைக்காரர்கள் பறந்திருக்கிறார்கள். கும்பகோணத்தில் அது எட்டுப் பேரையும் இரண்டு கட்டு வாழையிலையையும் ஏற்றிக்கொண்டு, சீர்வரிசைத் தட்டுகள் குலுங்காத வேகத்தில் போனது.

அந்த வேகம்தான் முதல் ரகசியம். ஒன்றரை லிட்டர் எஞ்சின், கிடைப்பதோ ஐம்பது குதிரைச் சக்திக்கு முன்பின்னாக. இன்றைக்கு ஒரு லிட்டர் டர்போ எஞ்சின்கள் அதைப்போல் இரண்டு மடங்கு கறக்கின்றன. வார்ப்பிரும்பு பிளாக், தாராளமான இடைவெளிகள், அவசரமில்லாத சுழற்சி. எஞ்சின் ஓடும்போது கிராங்க் தண்டு பேரிங்கைத் தொடுவதேயில்லை. சுழற்சியே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்துச் சில மைக்ரான் கனத்தில் படலமாக்குகிறது. தண்டு அதன்மேல் மிதக்கிறது. நிஜமான உரசல் பெரும்பாலும் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். படலம் இருக்கிறவரை எண்ணெய் கறுப்பா சிவப்பா என்று பேரிங் விசாரிப்பதில்லை.

கறுத்தால் கெட்டுவிட்டது என்பதும் முழு உண்மை இல்லையாம். கரியையும் அழுக்கையும் ஓரிடத்தில் படியவிடாமல் தன்னோடு மிதக்கவைக்க எண்ணெயில் மருந்து கலந்திருக்கிறார்கள். கறுத்தால் மருந்து வேலை செய்கிறது. எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் அமிலத்தை முறிக்க ஒரு மருந்து, உரசும் இடங்களைக் காக்கத் துத்தநாகம் கலந்த ஒரு மருந்து. எண்ணெயும் சூட்டில் நாள்பட்டால் தடித்துக் கெடும்தான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே செலவாகிக் கொண்டிருப்பவை இந்த மருந்துகள். “எண்ணெய் இருக்கும் தம்பி, அதுல சத்து இருக்காது” என்பார் பாய்.

அப்படியானால் பெரியப்பாவின் வண்டியில் சத்து என்றைக்கோ தீர்ந்திருக்க வேண்டுமே? இங்கேதான் அந்தக் கால ஆங்கிலேய எஞ்சினியர்களின் புண்ணியம் வருகிறது. இந்த எஞ்சினின் கிராங்க் பின்முனையில் இன்றைய கார்களில் இருப்பதுபோல ரப்பர் சீல் கிடையாது. தண்டிலேயே திருகுப் புரி வெட்டியிருப்பார்கள். வெளியே நழுவப் பார்க்கும் எண்ணெயை அந்தப் புரி சுழன்று சுழன்று உள்ளே திருப்பி அனுப்பும். சுழலும்போது மட்டும். வண்டி நின்றால் புரியும் நின்றது. அங்கே தங்கிய எண்ணெய் சொட்ட வேண்டியதுதான். எஞ்சின் தேயத் தேயச் சொட்டும் தாராளமாகும். கேஸ்கெட்டுகளும் தம் பங்குக்குக் கசியும். கூடவே பிஸ்டன் ரிங் தளர்ந்தால் எண்ணெய் மேலேறி பெட்ரோலோடு சேர்ந்து எரியும்.

பெரியப்பா எந்தெந்த வீட்டுக்குப் போய்வந்தார் என்பதை ஊரில் யாரும் அவரிடம் கேட்க வேண்டியதில்லை. வாசல்களைப் பார்த்தால் போதும். சம்பந்தி வீட்டில் போர்ட்டிகோவுக்குப் புது டைல்ஸ் போட்ட பிறகு, அவர் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அங்கிருந்து ஒரு பையன் சாக்கோடு ஓடிவருவான். மரியாதைக்கு விரிக்கிறார்கள் என்றுதான் பெரியப்பா கடைசிவரை நம்பினார்.

ஆயில் குறைந்தால் வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கும். மினுக்கினால் பெரியப்பா வண்டியை ஓரங்கட்டி, டிக்கியிலிருந்து டின்னை எடுத்து ஊற்றிவிடுவார். மாதம் ஒரு லிட்டர் 20டபிள்யூ-40 நிச்சயம் போகும். அதற்குக் கணக்குப் பார்த்ததே இல்லை. ஊற்றுவது அவருக்குத் தர்மம். இருப்பதைக் கீழே திறந்துவிட்டுப் புதிதாக ஊற்றுவது பாவம். கல்யாணப் பந்தியில் மிஞ்சிய ரசத்தைக்கூடக் கொட்டவிடாதவரிடம் நாலு லிட்டர் எண்ணெயைச் சாக்கடைக்கு அனுப்பச் சொன்னால் எப்படி?

கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் சம்ப் நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். மாதம் ஒரு லிட்டர் கீழேயும் புகையாகவும் போய், ஒரு லிட்டர் மேலே வந்தால், ஐந்தாவது மாதத்துக்குள் சம்ப் கொள்ளும் அளவுக்குப் புது எண்ணெய் உள்ளே போயிருக்கும். பழையதோடு கலந்துதான் இருக்கும், வண்டல் அடியில் தங்கித்தான் இருக்கும். ஆனால் மருந்து ஒருநாளும் அடியோடு தீராது. பெரியப்பா ஆயில் மாற்றாமல் வண்டி ஓட்டினார் என்பதே ஊரார் கட்டிய கதை. மாற்றிக்கொண்டேதான் இருந்தார், சொட்டுச் சொட்டாக, தெருவெல்லாம். மாறாமல் இருந்தது ஃபில்டர் ஒன்றுதான். அது அடைத்துக்கொண்டால் எஞ்சின் பட்டினி கிடக்கக் கூடாது என்று ஒரு பைபாஸ் வால்வு வைத்திருக்கிறார்கள்; அழுக்கு எண்ணெயானாலும் போய்ச் சேரட்டும் என்று வழிவிட்டுவிடும். பெரியப்பாக்கள் உலகெங்கும் உண்டு என்று தெரிந்தவர்கள் போட்ட வால்வு அது.

அடுத்த எதிரி தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். மகாமகக் குளத்திலிருந்து பெரிய கடைத்தெருவரை போய்த் திரும்பும் வண்டியில் எஞ்சின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். ஆவி உள்ளேயே குளிர்ந்து எண்ணெயோடு கலந்துவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் மோர்க்குழம்பு மாதிரி மஞ்சளாகப் படிந்திருக்கும். இதற்கும் பெரியப்பா தம்மை அறியாமல் மருந்து வைத்திருந்தார். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை குலதெய்வம் கோயிலுக்குச் சிவகங்கைப் பக்கம் போகிற வழக்கம். மணிக்கணக்கான நெடும் ஓட்டம், சித்திரை வெயில். எண்ணெய் நன்றாகக் காய்ந்து, அதில் கலந்த தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி ஓடிவிடும். சாமி கும்பிட்டுத் திரும்பினால் வண்டி புதுசு மாதிரி இழுக்கிறது என்று விபூதியை ஸ்டீயரிங்கில் பூசுவார். இழுத்தது உண்மை.

ஆயுத பூஜையன்று வண்டிக்கு நடக்கும் உபசாரத்தைச் சொல்லி மாளாது. சந்தனம், குங்குமம், மாலை, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், கடைசியில் பூசணிக்காய். பானெட்டைத் திறக்கும் சடங்கு மட்டும் கிடையாது.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரேனும் ஆயிலை மறந்துவிடலாம் என்று முடிவுகட்டினால், அவர்கள் ஒருமுறை சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய்வர வேண்டும். மாற்றாமலே ஓடிய வண்டிகளின் புகழைப் பாட ஒவ்வொரு ஊரிலும் ஆள் இருக்கிறது. ஓடாமல் நின்றவை அங்கே கதவு வேறு, கியர்பாக்ஸ் வேறாகப் பிரிந்து கிடக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதில்லை. எங்கள் எதிர்வீட்டுக்காரர் வண்டி ஒரு சொட்டுக்கூடக் கீழே விடாது. விடாததால் அவர் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்ததில்லை, டின்னும் வாங்கியதில்லை. ரிங் வழியாக எண்ணெய் மெதுவாக எரிந்து குறைந்துகொண்டே போனது. ஒருநாள் பாபநாசம் தாண்டியதும் எஞ்சின் சீஸாகி நின்றது. ஒழுகும் வண்டியாவது ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். தரை சுத்தமாக இருந்தால் எவருக்கும் கவலை வராது.

இந்த விவேகம் பெரியப்பாவிடம் எடுபடவில்லை. மாப்பிள்ளை புதுக் கார் வாங்கி, பெரியவரை உட்காரவைத்து ஊர் சுற்றிக் காட்டியபோது, திரையில் சர்வீஸுக்கு நாளாகிவிட்டது என்று எழுத்து வந்தது.

“அதைக் கண்டுக்காதீங்க மாப்ளே. பழக்கிவிட்டா எல்லாம் பழகிக்கும்.”

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். மாமனாரிடம் வேறென்ன செய்வது? அந்த வண்டியின் டர்போ நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது, அதன் தண்டும் எண்ணெய்ப் படலத்தில்தான் மிதக்கிறது. வால்வு திறக்கும் நேரத்தை எண்ணெயின் அழுத்தமே கூட்டிக் குறைக்கிறது. வழிகளெல்லாம் ஊசித்துளைகள். கம்பெனி பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்று சொன்னால், அதில் பெரியப்பாவுக்கென்று சலுகை எதுவும் சேர்க்கவில்லை. மாப்பிள்ளை மறுநாள் காலையிலேயே, பெரியவர் எண்ணெய்க் குளியலில் இருந்த நேரமாகப் பார்த்து, சர்வீஸுக்கு வண்டியை எடுத்துப் போனார்.

அம்பாசடருக்கும் ஒருநாள் வந்தது. நீலப் புகை எழும்பி, கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று தெருவில் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்த பிறகு பெரியப்பா சம்மதித்தார். பாய் எஞ்சினைக் கழற்றினார். சிலிண்டரை போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். ஆனால் கிராங்கைப் பத்து தௌ சாணை பிடித்தால் போதும் என்று லேத்துக்காரர் சொல்லிவிட்டார். “பாத்தீங்களா?” என்று பெரியப்பா தெருவையே திரும்பிப் பார்த்தார். பாய் பதில் சொல்லாமல் சம்பின் அடியை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிக்கொண்டிருந்தார். வடிந்ததையும் சுரண்டியதையும் ஒரு டின்னில் சேர்த்து, சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கழிவு ஆயில் வாங்கிப் போகிற மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினார். மேஸ்திரி வந்தார், குச்சியைவிட்டுக் கிளறினார், தூக்கிப் பார்த்தார். குச்சி எழுந்தது, டின்னும் சேர்ந்து எழுந்தது.

“வேணாம் பாய். இதைப் பூசினா கான்கிரீட்டோட பலகையும் நின்னுடும்.”

அவர் போன பிறகு பெரியப்பா டின்னை மூடித் தம் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

“இருக்கட்டும் பாய். எஞ்சின் ஏத்தினப்புறம் டாப் அப்புக்கு ஆகுமில்ல?”