வண்டுக்கு முன் கோடரி

2002இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் வட்டாரத்தில் ஒரு பச்சை வண்டு அகப்பட்டது. அரை அங்குல ஆள். கிழக்கு ஆசியாவிலிருந்து சரக்குப் பெட்டிகளின் மரச்சட்டத்துக்குள் விசா இல்லாமல் வந்திருக்கும் என்கிறார்கள். அதன் புழுக்கள் பட்டைக்கடியில் குடைந்து தின்ன, ஆஷ் மரங்கள் கோடிக்கணக்கில் பட்டுப்போயின. எல்ம் மரங்களை நோய் கொண்டுபோனபின், இதற்காவது ஒன்றும் வராது என்று நம்பித் தெருத்தெருவாக நட்ட மரம்தான் இந்த ஆஷ்!

சில நகராட்சிகள் வண்டை முந்திக்கொண்டு நல்ல மரங்களையும் வெட்டின. தலைவலி வருமென்று தலையை எடுத்த கதை. (நியாயமும் உண்டு, பட்ட ஆஷ் சட்டென்று முறிந்து விழும்.) வண்டும் கூடவே பயணம் போய்விடும் என்று, விறகை வெளியூர் கொண்டுபோகத் தடையும் வந்தது. 2021 ஜனவரியில் மத்திய அரசு தன் தடையை விலக்கிக்கொண்டது. வண்டு அதற்குள் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களைச் சுற்றிப் பார்த்திருந்தது.