தோற்றவர் பெயரில் ஓர் ஓப்பனிங்

கே: செஸ்ஸில் தோற்றவர் பெயரை ஓப்பனிங்குக்கு வைப்பார்களா?

ப: மார்ஷலுக்கு வைத்தார்கள். 1918 அக்டோபர் 23, நியூயார்க் போட்டி. வெள்ளையில் கபாபிளாங்கா ஆடிய ரூய் லோபஸ் ஓப்பனிங்குக்கு எதிராக, ஃபிராங்க் மார்ஷல் 8-வது நகர்த்தலில் டி5-க்குச் சிப்பாயைத் தள்ளி, நடுவிலிருந்த இன்னொரு சிப்பாயைத் தியாகம் செய்தார். 36 நகர்த்தலில் அவர் தோற்றார். ‘மார்ஷல் தாக்குதல்’ இன்னும் தோற்கவில்லை.

கே: சிப்பாயைச் சும்மா கொடுப்பானேன்?

ப: சும்மா இல்லை. அதை எடுக்க, ராஜாவுக்குக் காவல் நின்ற வெள்ளைக் குதிரை போகவேண்டும், போனதும் வெட்டுப்படும். காவல்காரன் இல்லாத வாசலில் கறுப்பு ராணி, குதிரை, மந்திரிகள் எல்லாம் கூடிவிடும்.

கே: கபாபிளாங்காவுக்காகவே அதை வருடக்கணக்கில் ஒளித்து வைத்திருந்தாராமே?

ப: கதை நன்றாக இருக்கிறது, கணக்கு இடிக்கிறது. 1917-லேயே வால்டர் ஃபிரேருடன் மார்ஷல் இதை ஆடியிருக்கிறார். ஆனால் தயாராக வந்தார் என்பது உண்மை. எதிராளிக்கு எல்லா வழியும் அத்துப்படி என்று தெரிந்தே சவாலை ஏற்றதாகக் கபாபிளாங்கா எழுதியிருக்கிறார்.

கே: எப்படித் தப்பித்தார்?

ப: 15-வது நகர்த்தலில் மார்ஷலின் குதிரை, ராஜாவை ஒட்டிய சிப்பாயை வெட்டியது. அந்தக் குதிரையை ராணியால் வெட்டக் கை துறுதுறுக்கும். வெட்டினால் மந்திரி செக் வைத்து, அடுத்து ராணியைக் குறிவைக்கும். கபாபிளாங்கா வெட்டவில்லை, யானையை ஒரே ஒரு கட்டம் முன்னே வைத்தார். பிறகு ராஜா நாலே எட்டில் மறுபக்கம் நடந்து போய்விட்டார். மூலை யானை 31-வது நகர்த்தலில்தான் அசைந்தது. பக்கத்துக் குதிரை 32-ல். அதுவரை அரைப்படையோடு தாங்கினார்!

கே: தோற்ற ஓப்பனிங்கை இன்றும் ஏன் ஆடுகிறார்கள்?

ப: மார்ஷல் அதைக் கைவிடவில்லையே! 11-வது நகர்த்தலில் குதிரையைப் பின்னுக்கு இழுக்காமல், சி6-ல் சிப்பாய் வைத்துத் தாங்கலாம் என்று பிறகு கண்டுபிடித்தார். இன்றைக்கும் அதுதான் ராஜபாட்டை.

கே: என் மகள் ஓப்பனிங்கெல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். போட்டிக்குப் போதுமா?

ப: 2004, பிரிசாகோ. உலகப் பட்டப் போட்டியின் 8-வது ஆட்டம். இதே மார்ஷல் தாக்குதல். வெள்ளையில் கிராம்னிக், வீட்டில் தயாரித்த வழியிலேயே போனார். அதிலிருந்த ஓட்டையைப் பலகை முன்னால் உட்கார்ந்து கண்டுபிடித்தார் லேகோ, ஜெயித்தார். 1918-லும் 2004-லும் பாடம் பண்ணி வந்தவர்தான் தோற்றார். மனப்பாடம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அவள் நகர்த்தும்போதெல்லாம் “ஏன் இது?” என்று கேளுங்கள். எதுவரை பதில் வருகிறதோ, அதுவரை அது அவளுடைய ஓப்பனிங்; அதற்குமேல் புத்தகத்துடையது.